கேள்வி மட்டும் கேட்டவர்

பிணத்துக்குப் போன் வந்தது.

காலை பத்து மணி. மேஜை மேலிருந்த போன் விடாமல் அடித்தது. அதன் பக்கத்திலேயே, கன்னத்தை மேஜையில் வைத்துச் சாய்ந்திருந்தார் லைஃப் கோச். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. நேற்று மாலையே கதை முடிந்திருக்க வேண்டும்.

"எடுக்காதீங்க சார்" என்றான் கோச்சின் தம்பி. காலையில் கதவைத் திறந்து பார்த்து, போலீசுக்குச் சொன்னவன். "யாராவது கிளையண்ட்டா இருப்பாங்க. அழுவாங்க. அடிச்சு ஓயட்டும்னு விட்டுடுங்க."

போலீஸ் வந்ததிலிருந்தே இப்படித்தான், யோசனைக்கு மேல் யோசனை. ஜன்னலைத் திறக்கச் சொன்னான். கான்ஸ்டபிளிடம் உடம்பை இளைக்கச் சொன்னான். இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலிலேயே பேனா நுனியால் ஸ்பீக்கர் பட்டனைத் தட்டினார்.

"சார், நான்தான்..." பெண் குரல். "எக்ஸ்ரே எடுக்கறவ. இன்னிக்குப் பத்து மணிக்கு முடிவைச் சொல்றேன்னேனே."

"சொல்லுங்க."

"குரல் ஒரு மாதிரி இருக்கே சார்... ஜலதோஷமா?"

"ம்..." என்று சொல்லிவைத்தார் இன்ஸ்பெக்டர். ஆள் யாரென்று தெரியும் வரை பேசட்டும். "நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"வீட்லதான்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல."

"வீட்ல இருந்ததை யாராவது பார்த்தாங்களா?"

மறுமுனையில் சின்னச் சிரிப்பு. அதில் சந்தோஷம் இல்லை.

"என்னை யார் சார் பார்க்கறாங்க? தினம் அறுபது பேரை நான் பார்க்கறேன். மூச்சை இழுங்க... அப்படியே புடிங்க... விடுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. வீட்டுக்கு வந்தா ஃபேன் சத்தம்தான். நேத்து சாயங்காலம் போன்ல நீங்க, 'ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க'ன்னு கேட்டீங்கல்ல? பதினோரு வருஷத்துல அப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

இன்ஸ்பெக்டருக்குத் தன் வீட்டு ஹால் நினைவுக்கு வந்தது. அங்கேயும் ஒரு ஃபேன்தான்.

"சரி... என்ன முடிவு பண்ணீங்க?"

"அதான் குழப்பம். ஆரம்பத்துலயே தெளிவாச் சொன்னீங்க. நான் டாக்டர் இல்ல, வைத்தியம் பண்ண மாட்டேன். யோசனையும் சொல்ல மாட்டேன். கேள்வி மட்டும் கேப்பேன், பதிலை நீங்கதான் கண்டுபிடிக்கணும். ஒரு தடவை பேசிப் பாருங்க, ஒத்து வந்தா சேருங்க, இல்லன்னா விட்டுடுங்கன்னு. எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அப்புறம் நீங்களே அதை மீறிட்டீங்களே."

"எப்படி?"

"'உங்களுக்கு என்னதான் வேணும்?'னு கேட்டீங்க. நான் யோசிச்சிட்டு இருந்தேன். நீங்களும் அமைதியா இருந்தீங்க. திடீர்னு டொம்முனு ஒரு சத்தம்... ஹலோ ஹலோன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, 'இந்தக் கோச்சிங் எல்லாம் வேஸ்ட்டும்மா, பேசாம யாராவது சொந்தக்காரங்க வீட்ல போய் இருங்க, காலையில வாக்கிங் போங்க'ன்னு மடமடன்னு அட்வைஸ் பண்ணீங்க. குரல் உங்க குரல்தான். ஆனா பேச்சு உங்க பேச்சு இல்ல."

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

தம்பி வாசல் வரை நகர்ந்திருந்தான். இளைக்காத கான்ஸ்டபிள் குறுக்கே நின்றார். வழி முழுவதும் அடைபட்டது.

"நேத்து இந்தப் பக்கமே வரலன்னீங்க?"

அவன் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான்.

"வேலை போச்சு. பொண்டாட்டி போயிட்டா. 'நான் என்ன பண்றதுண்ணா?'ன்னு வருஷக்கணக்கா கேட்டேன் சார். 'நீ என்ன நினைக்கிற?'ன்னு திருப்பி என்னையே கேப்பாரு. கூடப் பிறந்த அண்ணன்! இதைச் செய்டான்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாம். நேத்து வந்து நின்னா, போன்ல யார்கிட்டயோ அதே மாதிரி ஒரு கேள்வி... பேப்பர்வெயிட் கையில இருந்துச்சு."

"அப்புறம் போனை ஏன் எடுத்த?"

"அந்தம்மா ஹலோ ஹலோன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. பாவமா இருந்துச்சு. யாராவது ஏதாவது சொல்லணும்ல சார்?"

கான்ஸ்டபிள் அவனைக் கூட்டிப்போனார். ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்க... அவர் இல்லையா?"

"இல்லம்மா. இன்ஸ்பெக்டர். அவர் நேத்தே இறந்துட்டாரு."

அவள் அழுதாள். ஒரே ஒரு தடவை பேசிய மனிதருக்காக அப்படி அழுதாள். இன்ஸ்பெக்டர் போனை வைக்கவில்லை. அவள் ஓயும் வரை காத்திருந்தார்.

"ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் கொடுக்கணும். மத்தியானம் மூணு மணிக்கு வர முடியுமா?"

"கேள்வி கேப்பீங்களா?"

"நிறைய. ரெண்டு மணி நேரமாவது ஆகும். உங்களுக்குத்தான் சிரமம்."

மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"நான் சேர்ந்துக்கறேன் சார். அவர் முக்கால் மணி நேரம்தான் தர்றேன்னாரு."