ரயில் மேல் கொலைப்பழி

நெப்ராஸ்கா, 1909. காலை பத்து மணி.

லெவல் கிராஸிங்கில் நெல்ஸ் ஹோல்க்விஸ்ட் கிடந்தான்... இரண்டு துண்டாக.

ஷெரீப் டோபியாஸ் ரட் தொப்பியைக் கழற்றினார்.

"ரயில் அடிச்சிடுச்சு. விசாரிக்க என்ன இருக்கு? பொதைச்சிடுங்க."

புதைத்தார்கள்.

அடுத்த வாரம் அவன் மனைவி ஆல்மா ரயில் கம்பெனி மேல் வழக்குப் போட்டாள். டிரைவர் விசில் அடிக்கவில்லை. கம்பெனியின் அலட்சியம். நஷ்டஈடு வேண்டும்.

அவள் தரப்பில் ஒரே சாட்சி. ஷெரீப்.

"என் கண்ணால பார்த்தேன்," கூண்டில் நின்று சத்தியம் செய்தார் ரட். "நெல்ஸ் நடந்து வந்தான். அக்கம்பக்கத்துல ஈ காக்கா இல்ல. நான் மட்டும்தான். ரயில் வந்துச்சு, விசிலே இல்லாம மோதிச்சு."

கம்பெனி வக்கீல் வேல் எழுந்தார். இருபது வருஷமாக எந்த விதவையிடமும் தோற்காதவர்.

"மோதுறப்ப நெல்ஸ் உயிரோட இருந்தாரா?"

"நடந்து வந்தான்னு சொல்றேனே. பொணமா நடக்கும்?"

"எனக்கும் அதே சந்தேகம்தான். டாக்டர், வாங்க."

டாக்டர் கில்லெஸ்பி ஒரு துப்பாக்கிக் குண்டை மேஜையில் வைத்தார்.

"போன வாரம் கோர்ட் அனுமதியோட, ஷெரீப்புக்குத் தெரியாம சவப்பெட்டியைத் திறந்தோம். பின்மண்டையில இது இருந்துச்சு. இது பட்டவன் ஓரடி கூட எடுத்து வச்சிருக்க முடியாது."

"செத்தவர் மேல ரயில் ஏறினதுக்குக் கம்பெனி பொறுப்பில்ல, யுவர் ஆனர்," என்றார் வேல்.

"வழக்கு தள்ளுபடி."

நீதிபதி மெதுவாகக் கூண்டுப் பக்கம் திரும்பினார்.

"கொலைகாரனைப் பிடிங்கன்னு வழக்கமா உங்ககிட்டதான் சொல்வேன், ஷெரீப். இன்னிக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

ரட்டின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. அதற்குள் இரண்டு கோர்ட் சேவகர்கள் அந்தக் கையைப் பிடித்திருந்தார்கள்.

வெளியே, கோர்ட் படியில் வேல் ஆல்மாவை நிறுத்தினார்.

"தோத்துட்டீங்கம்மா. வருத்தமே காணோமே?"

"ஷெரீப் திருட்டுக் குதிரை விக்கிறதை என் வீட்டுக்காரர் பார்த்துட்டார். என்கிட்ட சொன்னார். மறுநாளே பொணமாயிட்டார். குளிப்பாட்டறப்ப பின்மண்டையில ஓட்டையைப் பார்த்தேன். நான் யார்கிட்ட போய்ப் புகார் குடுப்பேன்? ஷெரீப்கிட்டயா?"

வேல் கோர்ட் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"குழியைத் தோண்டுங்கன்னு நான் கெஞ்சினா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பெரிய கம்பெனி கேட்டா தோண்டுவாங்க. அதான் ரயில் மேல பழியைப் போட்டேன்."

"எங்களுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்துச்சு... மண்டையைப் பாருங்கன்னு..."

"என் கையெழுத்து கொஞ்சம் கோணல்தான்."

"அப்ப நான் இத்தனை நாள் வாதாடினது..."

"எனக்காகத்தான்," என்றாள் ஆல்மா. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா இவ்வளவு நல்லா வாதாடியிருப்பீங்களா, சார்?"