டோடோவுக்குக் கண் திறந்த நாள்

சுட்ட மண்ணில் ஈர வாசனை வராது. ஆனாலும் வந்துகொண்டிருந்தது, முதல் மழைக்குக் கண்மாய்க் கரையில் எழும் வாசனை, ஜன்னல்களை அடைத்த நடுப்பகல் வீட்டுக்குள், வெளியே ஆடிக்காற்று கரிசல் புழுதியை வாரி ஓட்டின்மேல் இறைத்துக்கொண்டிருந்தபோது. உலை வைத்துக்கொண்டிருந்த ஜெயக்கொடி மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். கூடத்திலிருந்துதான் வந்தது.

கூடத்தில் நின்றது டோடோ. மிஷன் பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்காக அவள் கணவர் ஏசுவடியான் வாத்தியார், புத்தகப் படத்தைக் காட்டி கருத்தப்பாண்டி வேளாரிடம் செய்து வாங்கிய மண் பறவை. இடுப்பு உயரம், கொக்கி மூக்கு, பறக்க உதவாத துக்கிணியூண்டு சிறகு. மோரீஸ் தீவில் இருந்ததாம். தரையில் ஒரே ஒரு முட்டை இடுமாம். கப்பல்காரர்களும் பன்றியும் எலியும் சேர்ந்து வம்சத்தையே தீர்த்துவிட்டார்கள். படம் போட்டவர்களிலும் பாதிப் பேர் அதை உயிரோடு பார்த்ததில்லை. ஒருவர் வரைந்ததைப் பார்த்து இன்னொருவர் வரைந்ததுதான்.

வேளார் கண்ணை மட்டும் வெள்ளையாக விட்டுவிட்டார்.

"கண்ணு தொறக்க மாட்டேன் டீச்சரம்மா. அய்யனாருக்குத் தொறந்தா அய்யனாரு வருவாரு. அவரு ஏறுற குருதைக்குத் தொறந்தா, ஒலகத்துல எங்கிட்டாச்சும் குருத இருக்கு. இது ஒண்ணுகூட இல்லைங்கிறீக. அப்ப யாருகிட்ட போயி உசிரு வாங்கும்?"

"நாங்க வேதக்காரங்க வேளாரே, எங்களுக்கு அதெல்லாம் கெடையாது" என்று சிரித்தாள் ஜெயக்கொடி.

நேற்றுச் சாயந்திரம் அவளே திறந்துவிட்டாள். உலகச் சண்டைக் காலம், அருப்புக்கோட்டைக் கடைகளில் கறுப்புப் பெயிண்ட் கிடையாது. பிள்ளையின் மைச்சிமிழ்தான் கைக்கு அகப்பட்டது. பறவைக்கு இரண்டு கண்ணும் வைத்துவிட்டு, விரலில் மிச்சமிருந்ததை யாக்கோபின் கண்ணில் தீட்டினாள். படித்த திமிர், வேறென்ன சொல்வது? இரண்டு பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்து மண்ணுக்குக் கொடுத்தபின் தங்கிய ஒற்றைப் பிள்ளை அவன்.

கூடத்துக்கு வந்தாள். பாயில் யாக்கோபு தூங்கிக்கொண்டிருந்தான். காலையில் வாசலைப் பார்த்து நின்ற பறவை இப்போது பாயைப் பார்த்து நின்றது.

கண்காட்சிக்குக் கொண்டுபோக வண்டி பிடிக்கப் போகுமுன் அவுக திருப்பி வைத்திருப்பாக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதன் முதுகைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் சூடு இல்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றிச் சூடு. பயந்துவிட்டாள். பிள்ளையைத் தூக்கக் குனிந்தபோது உலை பொங்கி அடுப்பில் வழிந்து சீறியது. ரேஷன் அரிசி. ஒரே ஓட்டமாக ஓடிப் பானையை இறக்கினாள்.

காற்று நின்றிருந்தது. அந்த அமைதியில், கூடத்துச் சாணித் தரையில், கனமான ஒன்று ஒரு காலை எடுத்து வைத்து, தன் பாரத்தையே தாங்காமல் அசைந்து நின்று, மறு காலை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

நின்றது.

பாய் நெரிந்தது.

"ங்கா..." என்றான் யாக்கோபு. பாதியில் அறுந்தது.

ஓடினாள்.

பறவை நின்ற இடம் காலி. பாயின்மேல் உட்கார்ந்திருந்தது. அடைக்கோழி மாதிரி, சிறகை விரித்து. வயிறு ஏறி இறங்கியது. அடியில் பிள்ளையின் குட்டிப் பாதம்.

"ஏசுவே! எம் பிள்ளைய விடு!"

இரண்டு கையாலும் அதைத் தள்ளிவிட்டு யாக்கோபை வாரி எடுத்தாள். கனத்தான். குளிர்ந்திருந்தான். கை வளையல் அவன் நெற்றியில் பட்டது. டங்கென்று சத்தம். பானையைத் தட்டுகிற சத்தம்.

கண் திறந்திருந்தது. வெள்ளை. வழுவழுவென்று, மையும் இல்லாமல், கருமணியும் இல்லாமல்.

பின்னாலிருந்து சேலைத் தலைப்பை எதுவோ இழுத்தது. திரும்பினாள்.

பறவையின் முகத்தில் ஈரமான இரண்டு கண்கள். ஓரத்தில் மை கலைந்திருந்தது. அவை அவளை அடையாளம் கண்டுகொண்டன. கொக்கி மூக்கு மெல்லத் திறந்தது. யாக்கோபு பசிக்கு அழும் அதே குரலில் அது சிணுங்கியது.

ஜெயக்கொடியின் மார்பில் பால் சுரந்தது.