செம்புக் குண்டின் எடை

குண்டு, தோட்டா நிறுக்கும் கிரெயின் கணக்கில், இருநூற்று மூன்று காட்டியது. துப்பாக்கியிலிருந்து கிளம்பியபோது அதன் எடை நூற்றெண்பது.

சுட்ட எல்க் மானின் தோளிலிருந்து தோண்டியெடுத்த அதை ஓரின் சட்டையில் துடைத்து மறுபடி தராசில் வைத்தான். இருநூற்று நான்கு. மிருகத்துக்குள் புகுந்த குண்டு எடை குறைந்து வெளியே வரும். கூடி வந்ததாக மொன்டானாவில் எந்த வேட்டைக்காரனும் சொல்லிக் கேட்டதில்லை.

கோடை முழுக்க இந்தக் குண்டுக்காகத்தான் மண்டையை உடைத்துக்கொண்டான். ஈயக் குண்டு எல்க் மானின் தோள் எலும்பில் பட்டால் சிதறும், அந்த விஷத் துணுக்குகள் கறியில் கலக்கும். அவன் மனைவி மாரெனுக்கோ ஆறு மாதம், குளிர்காலம் முழுக்க வீட்டில் அந்தக் கறிதான். அதனால் முழுச் செம்பில் செய்ததை வாங்கினான். பட்டதும் முனை நான்கு இதழாக விரியும், துளி உதிராது. நேற்று மாரென் ஈரலை வெங்காயத்தோடு வதக்கித் தட்டை வழித்துத் தின்றாள். ஈரல் வாடையே ஆகாத ஓரின் தொடவில்லை.

கராஜில் தொங்கிய கறியின் பச்சை வாடையும், தரையில் சொட்டி உறைந்த இரத்தமும், உரித்த தோலிலிருந்து இன்னும் உதிர்ந்துகொண்டிருந்த உண்ணிகளும் அவனைச் சூழ்ந்திருந்தன. பின்னங்காலை அறுத்துக்கொண்டிருந்த மச்சினன் டெல் சிரித்தான்.

"கறி ஒட்டியிருக்கும் மாப்ளே, கழுவிட்டு நிறு. சாதா ஈயக் குண்டுல எங்கப்பா நாப்பது மான் அடிச்சாரு. நீ என்னமோ நகைக்கடையில நிக்கிற மாதிரி குண்டு பாத்தியே!"

கொதிநீரில் போட்டு பழைய பிரஷால் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கக் கொழுப்பு வந்துகொண்டே இருந்தது, சீழ்ப் புண்ணில் கட்டிய துணியின் வாடையோடு. சீ, என்ன கருமம் இது! பெட்டியிலிருந்து புதுக் குண்டொன்றை எடுத்துத் தராசைச் சோதித்தான். சரியாக நூற்றெண்பது. கழுவியதை வைத்தான். இருநூற்றுப் பதினொன்று.

விளக்கடியில் பிடித்தான். இதழ் நான்கல்ல. ஐந்து. ஐந்தாவது சின்னது, ஈரமானது, அடியில் ஈறு மாதிரி இளஞ்சிவப்புச் சதை. இடுக்கியால் இழுத்தான். வரவில்லை. இழுத்த இடத்தில் இரத்தம் கசிந்தது. சூடாக.

"டெல், கத்தியை வை. அந்தக் கறியைத் தொடாத."

"ஏன்யா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

டெல் அறுத்த இடமெல்லாம் செம்பு மினுங்கியது. குண்டு பட்டது தோளில். இது பின்னங்கால்.

சமையலறையில் வெண்ணெய் பொரிந்தது.

ஓடினான். மாரென் அடுப்பருகே நின்று, வாணலியிலிருந்து கையால் அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். கறி வேகவில்லை. மோவாயில் இரத்தம் வழிந்தது.

"துப்பு! மாரென், துப்புடி!"

"கத்தாத. பிள்ளைக்குப் பசிக்குது."

துப்பினாள். தட்டில் விழுந்தது கறியல்ல. பல். வேரோடு. இன்னொன்று. வலியே இல்லாதவளாகச் சிரித்தாள். பல் இருந்த குழிகளில் செம்பு இதழ்கள், மெதுவாக விரிந்தன.

"இங்க பாரேன், எப்படி உதைக்குதுன்னு!"

அவன் கையை இழுத்து வயிற்றில் அழுத்திக்கொண்டாள். தோலுக்கடியில் ஏதோ கூராகப் புரண்டது. கையை உருவப் பார்த்தான். விடவில்லை.

பிள்ளை உதைத்தது. அவன் உள்ளங்கை கிழிந்தது.