ஆடாத வண்டி

அன்றைக்கு வண்டி ஆடவில்லை. முதலில் அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

மலைக்கு மூட்டை ஏற்றி இறக்கும் பழைய ஜீப் வண்டி அது. நாலு சக்கரமும் இழுக்கும், சேற்றிலும் நிற்காது. எல்லோரும் எருமை என்பார்கள். அதனால் அவன் எருமைக்காரன். ஒரு வருஷமாக அந்த எருமைக்கு ஒரு நோய். வேகம் நாற்பதைத் தாண்டி முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்தால் போதும், முதலில் சுண்டுவிரலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு நடுக்கம் தொடங்கும், அடுத்த மூச்சுக்குள் ஸ்டீயரிங் கையைப் பிய்த்துக்கொண்டு இடமும் வலமும் அடித்து, கண்ணாடி கடகடக்க, கதவு கழன்று ஓடப் பார்க்க, முறத்தில் போட்டுப் புடைக்கிற மாதிரி ஆளையே தூக்கிப் போடும். பயந்து பிரேக்கை மிதித்தவன் பள்ளத்தாக்கில் கிடப்பான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பிடியை விடாமல், வேகம் தானாகக் குறையக் காத்திருக்க வேண்டும். குறைந்தால் அடங்கிவிடும். வேறு மருந்து கிடையாது.

மெக்கானிக் அவன் மச்சினன்தான். சொந்தக்காரன் என்பதற்காக எருமைக்காரன் அவனை நம்பிவிடவில்லை. சொந்தக்காரன் என்பதால் கூடுதலாகவே சந்தேகப்பட்டான். மச்சினன் சக்கரங்களுக்கு எடை சரிபார்த்தான். பால் ஜாயிண்ட் மாற்றினான், டை ராட் முனைகளை மாற்றினான். ஆட்டம் போகவில்லை. ஆட்டத்தை அமுக்கிப் பிடிக்கும் டேம்பர் போட்டுப் பார்க்கலாம் என்றபோது எருமைக்காரன் எரிந்து விழுந்தான்.

“காய்ச்சக்காரனுக்குப் போர்வ போத்துற வேலையா? ஆட்டத்த மறைக்காத, எங்கேருந்து வருதுன்னு பாரு.”

கடைசியில், முன் அச்சைச் சட்டத்தோடு குறுக்கே பிணைக்கும் தண்டின் ரப்பர் புஷ் தேய்ந்து கிடந்தது தெரிந்தது. விரல் நுழைகிற இடைவெளி. மச்சினன் புதுசு போட்டான்.

“இனிமே ஆடாது மாமா. ஆடுனா என் மீசைய எடுத்துக்கங்க.”

“ஒன் மீசைய வச்சு நான் என்ன, கண்ணாடி தொடைக்கவா?”

வீட்டுக்கு வரும் வழியில் வேண்டுமென்றே ஒவ்வொரு பள்ளத்திலும் இறக்கினான். ஐம்பதிலும் ஆடவில்லை. மழைமேகம் மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தில் எருமை நூல் பிடித்த மாதிரி ஓடியது. நோய் தீர்ந்த மாதிரி இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குக் கிளம்பிப்போன மாதிரி இருந்தது.

வாசலில் வாயாடியைக் காணோம். எட்டு வயசு மகள். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே ஓடிவந்து ஹாரனை அமுக்குகிறவள். வீட்டுக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. தகரத்தைத் தகரம் தட்டுகிற மாதிரி, ஒரே சீராக.

அடுக்களை மேசையில் தம்ளர்கள் துள்ளிக்கொண்டிருந்தன. மேசையில் சாய்ந்தபடி வாயாடி நடுங்கிக்கொண்டிருந்தாள். அவன் மனைவி பின்னாலிருந்து அவளைப் போர்வையோடு சேர்த்துக் கட்டிப் பிடித்திருந்தாள்.

“குளிரு காய்ச்சல்னு நெனச்சேங்க. ஒடம்பு சுடல.”

“எப்பருந்து?”

“தம்பி போன் பண்ணி, வண்டி சரியாயிருச்சுக்கான்னான். வச்சிட்டுத் திரும்புறேன், தட்டக் கீழ போட்டுட்டா.”

அவன் மகளின் தோளைப் பிடித்தான். பிடித்த கை அந்தத் தாளத்தை அடையாளம் கண்டுகொண்டது. இடம், வலம், இடம், வலம். ஒரு வருஷம் பிடித்த ஆட்டம், கைக்குத் தெரியாதா? அவள் காதோரம் பழைய கிரீஸ் நாறியது. தோள் மூட்டில், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே, விரல் நுழைகிற இடைவெளி இருந்தது.

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

“வண்டில ஏத்து.”

ஆஸ்பத்திரி மலையடிவாரத்தில். போக ஒரே சாலை. முன்சீட்டில் மனைவி, அவள் மடியில் மகள். மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஒரு பக்கம் கீச்சிட, மகளின் குதிகால் கதவில் தடதடவென்று இடிக்க, மனைவி ஏதேதோ சாமியையெல்லாம் கூப்பிட, அவன் நாற்பதைத் தாண்டினான். தண்ணீர் நின்ற பள்ளம் ஒன்றில் முன்சக்கரம் விழுந்தது.

சுண்டுவிரலில் எறும்பு ஊர்ந்தது.

உடனே ஸ்டீயரிங் வெறிபிடித்து அடித்தது. எல்லாம் புதுசு போட்ட வண்டி, முன்னைக்கு மேல் ஆடியது. கட்டைவிரல் நகம் பிய்ந்தது.

“ஏங்க, வேகத்தக் கொறைங்க!”

காலை எடுத்தான். எருமை அடங்கியது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: வண்டி ஆடியபோது கதவில் குதிகால் இடிக்கவில்லை. இப்போது இடித்தது. முன்னைவிட வேகமாக.

அவன் மனைவியைப் பார்த்தான். அவளும் கவனித்திருந்தாள்.

இல்லை. இருக்காது. மறுபடி அழுத்தினான். பள்ளம். ஸ்டீயரிங் அடித்தது. வாயாடி அடங்கினாள். நெற்றிச் சுருக்கம் விரிந்தது. வாயைத் திறந்தபடி, வெயிலில் விளையாடிவிட்டு வந்து தூங்குகிற பிள்ளை மாதிரித் தூங்கினாள்.

முன்னால் வளைவு. காலை எடுத்தே ஆக வேண்டும். எடுத்தான்.

மகளின் கழுத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. நட்டு கழல்கிற சத்தம். தலை இடமும் வலமும் அடித்தது. மூச்சு நின்றுபோனது.

“கொறைக்காதீங்க!” மனைவி அலறினாள். “ஐயோ, கொறைக்காதீங்க! அழுத்துங்க!”

அழுத்தினான். வண்டி ஆடியது. மூச்சு வந்தது.

அடுத்த வளைவு. அழுத்தினான். அதற்கடுத்தது. பாறை ஒரு பக்கம். மறுபக்கம் ஒன்றுமில்லை. மணிக்கட்டில் ஏதோ முறிந்தது. விடவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து ஸ்டீயரிங் வழுக்கியது. விடவில்லை. எந்தச் சாமி ஓட்டியதோ, வண்டி மலையை விட்டு இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி விளக்கு தெரிந்தது.

கிளம்பும்போதே மனைவி தன் தம்பிக்குப் போனில் சொல்லியிருக்க வேண்டும். மச்சினன் வாசலில் நின்றான். பக்கத்தில் வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ். தள்ளுவண்டியும் தயாராக இருந்தது. மச்சினன் கையை வீசி வீசிக் கூப்பிட்டான்.

நிறுத்தணும். நிறுத்தினால்?

எருமைக்காரன் காலை எடுக்கவில்லை.

வாசல் கடந்தது. நர்ஸின் திறந்த வாய் கடந்தது. மச்சினன் கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்து, சின்னதாகி, மழைக்குள் போனான்.

வாயாடி கண்ணைத் திறந்தாள். குரலில் ஒரு நடுக்கமில்லை.

“அப்பா, ஆஸ்பத்திரி போயிருச்சே?”

“தூங்கு கண்ணு.”

“நெறுத்தலையா?”

“தூங்குடா.”

மனைவி மகளின் தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி கண்ணாடி வழியே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் பார்த்தான்.

அங்கிருந்து சாலை எதிர்மலையில் ஏறியது. நேர் ஏற்றம்.

ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தான். எஞ்சின் முக்கியது. ஐம்பது. நாற்பத்தைந்து. இன்னும் மிதித்தான். மிதிக்க இடமில்லை.

ரத்தம் வழிந்த அவன் கைகளுக்குள், ஸ்டீயரிங் மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.