சுவரில் குனிந்தவள்

நேற்றுவரை அந்தச் சுவரில் கோடுகள் மட்டும்தான் இருந்தன.

அன்புராஜ் வேலை செய்யும் காக்களூர் டைல்ஸ் கம்பெனியில், டிசைன் சரியாக விழாதவற்றைக் கழித்துவிடுவார்கள். அவற்றை எடுத்துவந்து, தூளிக்குப் பின்னால் ஓதம் ஏறிய சுவரில் அவனே ஒட்டியிருந்தான். வெள்ளையில் சாம்பல் நரம்புகள். ஒன்றோடொன்று சேராதவை. குளிப்பாட்டிய பாப்பாவைப் பவுடரும் சாம்பிராணியும் மணக்கத் தூளியில் போட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, இளமதி ஆட்டிக்கொண்டிருந்த அந்தியில், கயிறு கிறீச்சிட்டுப் போய்வரும்போதெல்லாம் அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தன. தோள். வளைந்த முதுகு. தொங்கும் கூந்தல். ஒரு பெண் தூளியை நோக்கிக் குனிந்திருந்தாள். ஏந்தினாற்போல் நீண்ட கைகள். நடுவே வெறும் வெள்ளை.

இளமதி கண்ணை மூடித் திறந்தாள். திரும்பவும் கோடுகளாகப் பார்க்க முடியவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்த அன்புராஜ் கேட்டான். “இன்னா, சொவுத்தயே பாத்துகினு கீற?”

“அங்க ஒருத்தி நிக்கறா.”

“கம்பெனில நாள்பூரா இத்தத்தான பாக்கறேன். ஒண்ணுல ஆனை தெரியும், ஒண்ணுல சூப்பர்வைசர் மூஞ்சி தெரியும். அவளயும் வேலைக்கு அனுப்பு, ஆளு பத்தல.”

“வெளையாடாதீங்க. இது தோளு. இது முடி.”

“மூஞ்சி எங்க?”

எழுந்து போனாள். பொட்டு வைத்த மை இன்னும் விரலில் இருந்தது. அந்த விரலை டைல்ஸில் அழுத்தினாள்.

“இங்க கண்ணு.”

அவன் சிரிப்பு நின்றது.

“தொட்ச்சிடு,” என்றான். “அத்த தொட்ச்சிடு.”

முந்தானையால் தேய்த்தாள். போகவில்லை. சிலைக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள், திறக்கும்போது எதிரில் யாரும் நிற்கக்கூடாது என்பதெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கண்ணுக்கு எதிரில் தூளி.

ஈரத்துணி எடுக்க அடுப்படிக்கு ஓடினாள். குழாய்த் தண்ணீர் சத்தத்துக்கு நடுவே கயிறு கிறீச்சிட்டது. பிறகு கிறீச்சிடவில்லை.

திரும்பி வந்தாள்.

அன்புராஜ் தூளிச் சேலையை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்திருந்தான். உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தான்.

பவுடர் வாசனை சுவரிலிருந்து வந்தது.

இளமதி சுவரை நோக்கி மெல்லத் திரும்பினாள். கோடுகள்தான். வெறும் கோடுகள். கைகளுக்கு நடுவே இருந்த வெள்ளை மட்டும் இப்போது வெறுமையாக இல்லை. உருண்டைத் தலை. மடங்கிய கால்கள்.

கன்னத்தில் ஒரு மைப்பொட்டு.