ஓட்டுநரின் ஐந்து நிமிடம்

"அப்பா, மீதிக் கதையைச் சொல்லுங்க" என்றாள் மகள், போனை எடுத்த எடுப்பிலேயே.

ஆறு வயதுக் குரல். இந்தக் குரலைக் கேட்கத்தான் அவன் வாரம் முழுக்கப் பனியில் விறைத்துக் காவல் நின்றான், கேப்டனின் வசவையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆனால் கதை எதுவும் அவன் சொல்லியிருக்கவில்லை.

"எந்தக் கதைடா குட்டி?"

"அதான், ஆத்துக்கு அடியில லாரி ஓட்டுற மாமா கதை. நேத்து பாதியில நிறுத்திட்டீங்களே!"

நேற்று சனிக்கிழமை. முகாமில் இருப்பது ஒரே தொலைபேசி. ஞாயிறு பிற்பகல் மட்டும் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசலாம். மற்ற நாட்களில் அந்த அறை பூட்டிக் கிடக்கும், சாவி கேப்டனிடம் இருக்கும்.

மனைவி போனை வாங்கினாள். "என்னங்க, தினமும் நல்லாத்தானே பேசுறீங்க, இன்னைக்கு ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? சளியா?"

ஆமாம் என்று சொல்லி வைத்தான். 

முகாமில் அவனுக்குப் பெயர் கிளி. யாருடைய குரலாக இருந்தாலும் இரண்டு நாள் கேட்டால் போதும், அச்சு அசலாகப் பேசிவிடுவான். சமையற்காரரின் குரலில் கேப்டனைத் திட்டி, கேப்டனின் குரலில் சமையற்காரரை மன்னித்து, பனியில் முடங்கிக் கிடந்தவர்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவன். சிரிப்போடு நின்றிருக்கலாம். ஐந்து வாரங்களுக்கு முன்பு பாலம் உடைந்து, சரக்கு லாரி ஓட்டுநரோடு ஆற்றில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. மறுநாளே ஆறு உறைந்து, மேலே கண்ணாடி போல மூடிக்கொண்டது. பாலம் போன செய்தி எதிரிக்குத் தெரியக் கூடாது, அதனால் சாவுச் செய்தியும் வெளியே போகக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. கேப்டன் கிளியைக் கூப்பிட்டார்.

"அவங்கம்மாகிட்ட அவன் மாதிரி ரெண்டு வார்த்தை பேசு. அவனோட அஞ்சு நிமிஷத்துல மிச்சத்தை உன் வீட்டுக்குப் பேசிக்க."

கூலி நல்ல கூலிதான். முதல் ஞாயிறு, "சாப்பிட்டியா கண்ணு?" என்று அந்தத் தாய் கேட்டபோது போனைக் கையால் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான்காவது ஞாயிறு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். அவள் அழ ஆரம்பித்ததும் லைன் சரியில்லை என்று சொல்லித் துண்டித்துவிட்டு, மிஞ்சிய மூன்றரை நிமிடத்தையும் தன் மகளுக்கு எடுத்துக்கொண்டான். இதை அவன் மனைவியிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை பிற்பகல், விறகுக் கட்டைத் தோளில் சுமந்து, பூட்ஸுக்கு அடியில் பனி நொறுங்கும் சத்தத்தையும் தன் மூச்சையும் தவிர வேறு எதுவும் கேட்காத அந்தப் பின்பக்கப் பாதையில் அவன் வந்துகொண்டிருந்தபோது, தொலைபேசி அறையின் பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து, மண்ணெண்ணெய் அடுப்பின் வாடையோடும் அதற்குக் கீழே நாள்பட்ட ஈரத்துணியின் நாற்றத்தோடும், யாரோ மெல்லச் சிரித்தார்கள். அது அவனுடைய சிரிப்பு.

"தூங்கினா காதைத் திருகுவேன், குட்டி" என்றது குரல். அவன் குரல். அவன் மகளை மட்டுமே அப்படிக் கொஞ்சுவான்.

விறகைப் போட்டான். பலகை இடுக்கில் கண்ணை வைத்தான். நாற்காலி. மேசை. தொலைபேசி. ஆள் இல்லை. கதவில் பூட்டு. பூட்டின் மேல் உடையாத பனி.

கேப்டனிடம் ஓடி விடுப்பு கேட்டான்.

"பாலமே இல்லையேப்பா, பறந்து போகப் போறியா கிளி?" என்று அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அடுத்த மூன்று நாளும் அவன் தூங்கவில்லை. பேச வாயைத் திறந்தாலே பயம் வந்தது. தன் குரல் தன்னிடம்தான் இருக்கிறதா என்று தொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

ஞாயிறு. வரிசையில் நின்றவர்களை இடித்துத் தள்ளினான். அந்தத் தாயைக் கூப்பிடவில்லை. நேராகத் தன் வீட்டுக்குப் பேசினான்.

"ஹலோ" என்றாள் மனைவி. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அவன் ஊரைவிட்டு வந்த இந்த இரண்டு வருடத்தில் அதைக் கேட்டதில்லை.

"நான்தாம்மா. கேளு. தினமும் பேசுறது நான் இல்ல. கதவைப் பூட்டு. யார் வந்தாலும் திறக்காதே."

அவள் வேறு யாரோ போலப் பேசினாள்.

"அவர் சொன்னது சரியாத்தான் இருக்கு. நீதானே அந்தக் கிளி?"

"எவர்?"

"என் வீட்டுக்காரர். இப்பதான் வந்தாரு, பத்து நிமிஷம் ஆகுது. முகாம்ல கிளின்னு ஒருத்தன் இருக்கான், என் குரல்லயே பேசி உன்னை ஏமாத்துவான்னு போன வாரமே சொல்லிட்டாரு. செத்தவன் குரல்ல அவனைப் பெத்தவகிட்டயே பேசினவனாமே நீ? அது நிஜமா?"

"நிஜம்தான். அந்தக் கிளி நான்தான், ஆனா நான்தான் உன்..."

"த்தூ."

"ஐயோ, சொல்றதைக் கேளு! குட்டி எங்கே? குட்டியைக் கூப்பிடு!"

"என் பிள்ளை பேரை உன் வாயால சொல்லாதே."

அவன் கத்தினான். கல்யாண நாளைச் சொன்னான். அவளுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்ததையெல்லாம் சொன்னான். சொல்லச் சொல்ல, தன் குரலே தனக்குப் போலியாகக் கேட்டது. அவளும் அப்படித்தான் கேட்டிருப்பாள்.

மறுமுனையில், தள்ளி, சோபாவிலிருந்து, மகளின் குரல். தூக்கக் கலக்கம். யாருடைய மடியிலோ படுத்துக்கொண்டு பேசும் குரல்.

"அம்மா, அப்பா நெஞ்சுல காது வச்சுப் பார்த்தேன். சத்தமே வரல."

"அப்பா ரொம்ப தூரம் நடந்து வந்திருக்காருடா" என்றாள் அவன் மனைவி. "அப்படியே கட்டிப் பிடிச்சுத் தூங்கு."

போனை வைத்துவிட்டாள்.