குழி விழுந்த இழைப்புளி

தன் வலது கட்டைவிரலுக்குப் பத்து லட்சம் விலை சொல்வார் விரல்காரர். வாங்க ஆள் வராது என்ற தைரியம். பழைய தச்சுக் கருவிகளை வாங்கி விற்பவர் அவர். அந்த விரலை மரத்தில் ஒருமுறை ஓட்டினால் போதும்; அசல் பழசா, புகை காட்டிப் பழுக்கவைத்த போலியா என்று சொல்லிவிடுவார்.

தச்சர் இறந்த வீட்டில் இன்னும் ஈரமரத்தின் வாசனை. அவர் மனைவி, அவர் மரம் இழைத்த இழைப்புளியைத் துணி சுற்றிக் கொண்டுவந்து வைத்தாள். பக்கவாட்டில் ஒரு குழி. ஆயுள் முழுக்க ஒரே கட்டைவிரல் அழுத்தி அழுத்தித் தேய்ந்த குழி. சேகரிப்பவர்கள் அதற்காகவே சொத்தை விற்பார்கள்.

விரல்காரர் உதட்டைப் பிதுக்கினார். "குழி விழுந்திருக்கேம்மா. குறையுள்ள சரக்கு. முந்நூறு தரேன், அதுவும் உங்க முகத்துக்காக."

அவள் பேரம் பேசவில்லை. இழைப்புளியின் வாயில் சிக்கியிருந்த மரச்சுருளைக் காட்டினாள்.

"பாதி இழைப்புல அவர் உயிர் போச்சு. இதை மட்டும் உருவிடாதீங்க. வாய் காலியானா மிச்ச வேலையைத் தேடும்."

தெருவுக்கு வந்ததும், கூட வந்திருந்த மைத்துனனின் விலாவில் இடித்தார். "மாப்ளே, அந்தக் குழி மட்டுமே அம்பதாயிரம்டா!"

கடையில் மழையிருட்டு. வாய் அடைத்த இழைப்புளியை எவன் வாங்குவான்? சுருளை உருவி, வாசலில் ஓடிய தண்ணீரில் எறிந்தார்.

உருவும்போது அது வெதுவெதுப்பாக இருந்தது.

குழியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

விரலை எடுக்க முடியவில்லை.

சரக்.

"அத்தான், இந்த இருட்டுல என்னத்தைப் போட்டு இழைக்கிறீங்க?" உள்ளறையிலிருந்து மைத்துனன்.

"நான்... நான் இழைக்கலடா."

சரக். சரக்.

மைத்துனன் விளக்கோடு ஓடிவந்தபோது ஒரு சொட்டு ரத்தமில்லை. நகமின்றி, ரேகையின்றி, மெருகேற்றிய கைப்பிடிபோல் வழவழத்தது விரல். தீக்குச்சி வைத்தாலும் சுடவில்லை. மேசையில் மெல்லிய சுருளொன்று கிடந்தது. அதில் ரேகைகள்.

மழை விட்டதும் இழைப்புளியைக் கட்டித் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கே ஓடினார்.

"நீங்களே வெச்சுக்கங்கம்மா. மேல எவ்வளவு வேணும்னாலும் தரேன்!"

"அந்தச் சுருள் எங்க?"

"தண்ணியில போயிடுச்சு."

அவள் அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"தேஞ்சிருக்கே. குறையுள்ள சரக்கு."

"இது எப்பம்மா நிக்கும்?"

"பத்து விரல் வேலை அது. ஒண்ணு வரவாயிருக்கு." கதவைச் சாத்தினாள்.

அவர் இழைப்புளியைக் கீழே போடப் பார்த்தார். சுட்டுவிரல் குழியைவிட்டு வரவில்லை.

சரக்.

இரண்டு வரவு. எட்டு பாக்கி.